பல்லாவரம் முதல் பெரும்பாக்கம் வரை: தமிழ்வழியின் வரவு செலவு

ஜூன் பிறந்துவிட்டால் ஜி.எஸ்.டி. சாலையில் நெரிசலில் நிற்கும் நேரம் வீண் போவதில்லை. பல்லாவரம் மேம்பாலம் இறங்கியதும் தொடங்கிப் பெருங்களத்தூர் வரை மின்கம்பங்களிலும் ஆட்டோக்களின் முதுகிலும் பள்ளி விளம்பரங்களைப் படித்துக்கொண்டே போகலாம். அட்மிஷன் ஓப்பன், ஏசி வகுப்பறை, அபாகஸ், ரோபாட்டிக்ஸ், ஆறாம் வகுப்பிலிருந்தே நீட் அடித்தளம். எந்த மொழியில் பாடம் நடத்துவோம் என்று ஒரு பதாகையும் சொல்வதில்லை. யாரும் கேட்பதில்லை என்பதால் அதைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பயிற்றுமொழியை எழுதி வைத்திருப்பவை அரசுத் தொடக்கப் பள்ளிகளின் சுவர்கள் மட்டும்தான். அங்கேயும் 'ஆங்கிலவழி வகுப்புகள் உண்டு' என்ற வரிதான் பெரிய எழுத்தில் இருக்கிறது.

2025 ஜூன் 2ஆம் தேதி பள்ளிகள் திறந்தன. அதையடுத்த நாட்களில் ரயிலிலும் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலுமாகத் தென்சென்னைப் புறநகரைச் சுற்றினேன். தமிழ்வழியில் ஒன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு அரசு எவ்வளவு செலவழிக்கிறது, எந்தக் கதவு வழியாக அந்தப் பணம் வருகிறது, அடுத்த தெருவில் ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைக்கு எந்தக் கதவு வழியாகப் போகிறது என்று பார்க்கத்தான்.

இந்தக் கேள்வியை எனக்குக் கொடுத்தது அயர்லாந்து. ஐரிஷ் மொழிவழிப் பள்ளிகளுக்கு அரசு தரும் நிதி மற்ற தொடக்கப் பள்ளிகளுக்குத் தருவதற்குச் சமமா, கூடுதலா, குறைவா என்று அங்கே விவாதிக்கிறார்கள். பெல்பாஸ்ட் நகரின் ஷாஸ் ரோட்டில் சில குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து வீடு கட்டிக் குடியேறி, 1971இல் ஒன்பது பிள்ளைகளோடு ஒரு ஐரிஷ்வழித் தொடக்கப் பள்ளியைத் தொடங்கின. அரசு அதற்குப் பணம் கொடுத்தது 1984இல்தான். அதுவரை பெற்றோரும் ஊராரும் வசூல் செய்து நடத்தினார்கள். 1998இல் வட அயர்லாந்துக் கல்வித் துறைக்கு ஐரிஷ்வழிக் கல்வியை ஊக்குவிக்கும் கடமை சட்டத்திலேயே எழுதப்பட்டது. திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லும் அந்த வட அயர்லாந்து மண்ணில்தான், ஆன்ட்ரிம் பகுதியில், பிறந்தார். அவர் பிறந்த ஊர்க்காரர்கள் தங்கள் மொழிக்குப் போட்ட கணக்கை, அவர் வந்து உழைத்த மொழிக்கு நாமும் போட்டுப் பார்க்கலாம்.

பல்லாவரம் ரயில் நிலையத்தில் இறங்கினால் வரலாறு காலில் இடறும். இந்தியாவின் முதல் கற்காலக் கைக்கோடரியை ராபர்ட் புரூஸ் பூட் 1863இல் கண்டெடுத்தது இங்கேதான். நான் தேடி வந்தது இன்னொருவரை. தனித்தமிழ் இயக்கத்தின் மறைமலையடிகள் வாழ்ந்த வீடு இந்த ஊரில் இருக்கிறது. இங்குள்ள அரசு மேல்நிலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. தெற்கே முப்பது கிலோமீட்டருக்குள் ஒரு நகரமே அவர் பெயரில் எழுந்து, கார் தொழிற்சாலைகளுக்குப் பேர்போனதாகிவிட்டது.

அடிகள் பல்லாவரத்துக்கு வந்த கதையே ஒரு நிதிக் கதை. 1898 முதல் அவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். பட்டப் படிப்பில் தாய்மொழிப் பாடம் கட்டாயமில்லை என்று பல்கலைக்கழகம் மாற்றியதும் தமிழாசிரியர் பணியிடங்கள் ஆட்டம் கண்டன. 1911இல் கல்லூரியை விட்டு வெளியேறி இங்கே குடிவந்தார். தமிழ்மீது யாருக்கும் வெறுப்பு வந்துவிடவில்லை. பாடத்திட்டத்தில் ஒரு விதி மாறியது, சம்பளப் பட்டியலில் ஒரு பெயருக்கு இடமில்லாமல் போனது, அவ்வளவுதான். மேடையில் மொழிக்குக் கிடைக்கும் மரியாதைக்கும் அலுவலகத்தில் அதற்கு ஒதுக்கப்படும் பணியிடத்துக்கும் உள்ள தூரத்தை அன்றே அடிகள் அனுபவித்துவிட்டார்.

அங்கிருந்து குரோம்பேட்டை ஒரே நிறுத்தம். குரோம் லெதர் கம்பெனி இல்லாமல் இந்தப் பெயர் இல்லை. நிலையத்துக்கு எதிரே 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி. நிற்கிறது. ராமேஸ்வரத்துத் தமிழ்வழி மாணவர் அப்துல் கலாமும், குமரி மாவட்டத்து அரசுப் பள்ளியில் படித்த இஸ்ரோவின் கே.சிவனும் படித்த இடம். தமிழ்வழியைப் பற்றிப் பேசும் எந்த மேடையிலும் இந்த இருவர் பெயரும் வராமல் இருக்காது. ஆனால் எல்கேஜி விண்ணப்பத்தோடு நிற்கும் அம்மாக்கள் எவரும் கலாமை நினைத்து முடிவெடுப்பதில்லை. அவர்கள் பார்ப்பது பக்கத்து வீட்டுப் பையனை.

ரயில்பாதைக்கு மேற்கே உள்ள ஒரு அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போனபோது காலை உணவு முடிந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ரவா கிச்சடியும் சாம்பாரும். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில். கரும்பலகையை நடுவில் ஒரு சுண்ணாம்புக்கோடு பிரித்திருந்தது. இடப்பக்கம் தாவரத்தின் பாகங்கள்: வேர், தண்டு, இலை, பூ. வலப்பக்கம் அதே படம், அதே பாகங்கள், ஆங்கிலத்தில். இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் தமிழ்வழி, வலப்பக்கம் ஆங்கிலவழி. ஆசிரியை ஒருவரே. ஒரு நிஜச் செம்பருத்திக் கிளையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்துக்கும் தமிழில்தான் விளக்கினார். விளக்கி முடித்ததும் வலப்பக்கத்துப் பிள்ளைகள் ஸ்டெம், லீஃப் என்று கோரஸாகச் சொன்னார்கள். இடப்பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து சொன்னார்கள். யாரும் தடுக்கவில்லை.

தலைமை ஆசிரியை பேச்சில் ஒளிவுமறைவில்லாதவர். "எங்க நோட்டீஸ்லயே ஆங்கிலவழி உண்டுன்னு கொட்டை எழுத்துல போட்டுத்தான் சார் வீடு வீடாப் போறோம். அது இல்லைன்னா கதவையே திறக்க மாட்டாங்க. ரெண்டு மீடியம் வெச்சதுல புள்ளைங்க வந்தாங்க, அது உண்மை. ஆனா டீச்சர் கூட வரல."

அவர் சொன்னதன் பின்னணி இது. அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் 2012-13இல் சில நூறு பள்ளிகளில் தொடங்கி அடுத்த ஆண்டே ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவின. 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி வந்தன. ஆசிரியர் கணக்கோ கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படிதான்: 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூன்று, 120 வரை நான்கு. எத்தனை தலை என்பதுதான் அட்டவணைக்குத் தெரியும், எத்தனை மொழி என்பது தெரியாது. ஐம்பது பிள்ளைகள், ஐந்து வகுப்புகள், இரண்டு பயிற்றுமொழி என்றால் பத்து வகுப்புகளை இரண்டு பேர் எடுக்க வேண்டும். பராமரிப்புக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் தரும் மானியமும் அதே தலைக்கணக்குதான். 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000.

ஆக, அரசுப் பள்ளிக்குள் தமிழ்வழிக்கும் ஆங்கிலவழிக்கும் பணத்தில் வேறுபாடு கிடையாது. புத்தகம், சீருடை, இரண்டு வேளைச் சாப்பாடு எல்லாம் ஒன்றுதான். சமத்துவம் என்று இதைக் கொண்டாடலாம். ஆனால் இந்தச் சமத்துவத்துக்கு ஆன செலவு தமிழ்வழிப் பிள்ளையின் நேரத்திலிருந்து போகிறது. ஆசிரியை வலப்பக்கம் எழுதும் ஒவ்வொரு நிமிடமும் இடப்பக்கத்துப் பிள்ளைக்குக் கிடைக்காத நிமிடம். ஆங்கிலவழிப் பிள்ளைக்கும் முழு ஆங்கிலவழி கிடைக்கவில்லை, ஆங்கில எழுத்தில் அச்சடித்த தமிழ்வழிதான் கிடைக்கிறது. இரண்டு பயிற்றுமொழியும் ஒரே சம்பளத்தில் நடக்கிறது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தார். இந்தப் பள்ளியின் பழைய மாணவர். பி.எஸ்.டி.எம். சான்றிதழில் கையெழுத்து வேண்டும் என்றார். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. தேர்வு எழுதுகிறவர் முதல் வகுப்பிலிருந்து படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்கி வர வேண்டும். தலைமை ஆசிரியை பீரோவிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகத் தேடினார். கிடைத்தது. முத்திரை குத்தி வாங்கிக்கொண்ட அந்தப் பையன் சிரித்தபடி, "ஒண்ணாங்கிளாஸ்ல எங்கப்பாகிட்ட காசு இல்ல டீச்சர், அதான் தமிழ் மீடியம். அது இப்பத்தான் வேலைக்கு ஆவுது" என்றார்.

இந்தப் பயணத்தில் நான் கேட்டதிலேயே நேர்மையான நிதிநிலை அறிக்கை அதுதான். தமிழ்வழிக்கென்று அரசு தனியாகக் கொடுப்பவற்றைப் பட்டியலிட்டால், எல்லாமே பிள்ளை வளர்ந்த பிறகுதான் வருகின்றன. 20 சதவீதம், வேலைக்குப் போகும் வயதில். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட்டில் தொடங்கியது. அரசுப் பள்ளியில் எந்த வழியில் படித்தாலும் கிடைக்கும், அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்திருந்தால் மட்டும் கிடைக்கும். பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டமும் 2024 டிசம்பரில் அதே நிபந்தனையோடு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிந்தது. இரண்டிலும் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. பயிற்றுமொழியைப் பெற்றோர் முடிவு செய்வதோ எல்கேஜியில். அந்த வாசலில் தமிழுக்கென்று ஒரு ரூபாய்கூட வைக்கப்படவில்லை.

தாம்பரம். 1931 மே மாதம் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது கடைசி நிறுத்தம். 1937இல் கிறித்தவக் கல்லூரி இங்கே இடம்பெயர்ந்தது. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியானது. கிழக்குத் தாம்பரத்தில் நிழல் தரும் மரங்களும் பழைய மிஷன் பள்ளிகளும் இன்னும் இருக்கின்றன. இங்கேதான் மூன்றாவது வகைப் பள்ளியைப் பார்க்க வேண்டும்: அரசு உதவிபெறும் பள்ளி, பேச்சுவழக்கில் எய்டட் ஸ்கூல். நிர்வாகம் தனியார், ஆசிரியர் சம்பளம் அரசு.

நான் போன பள்ளியில் கட்டடங்கள் இரண்டு. ஓடு வேய்ந்த பழைய கட்டடத்தில் தமிழ்வழி, கட்டணம் இல்லை. பின்னால் மூன்று மாடிப் புதுக் கட்டடத்தில் ஆங்கிலவழி, சுயநிதி, கட்டணம் உண்டு. இடைவேளை மணி ஒன்றுதான். இரண்டு கட்டடத்துப் பிள்ளைகளும் ஒரே மண்ணில் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். சீருடை நிறம் மட்டும் வேறு.

பழைய கட்டடத்தில் நாற்பது வயதுக்குக் கீழ் ஒரு ஆசிரியரைக் கண்டேன், மற்றவர்கள் ஓய்வுக்கு அருகில். பிள்ளைகள் குறையக் குறையப் பணியிடம் உபரியாகிறது. உபரியானால் அந்த இடம் போய்விடும். இன்னொரு வேடிக்கையும் இருந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் அரசுப் பள்ளியில் காலைச் சிற்றுண்டி உண்டு, இங்கே அப்போது இல்லை. மதியச் சத்துணவு உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், 2024 ஜூலையில் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் போனது. நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளின் முறை 2025 ஆகஸ்ட் 26இல்தான் வந்தது. அந்த இடைவெளியில் எத்தனை அம்மாக்கள் டிசி வாங்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்டேன். ஆசிரியர் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, ஒரு கை முடிந்ததும் நிறுத்திக்கொண்டார். மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவருக்கு மட்டும்தான். அரசுப் பள்ளியில் ஆங்கிலவழியில் படித்தவர் அதற்குள் வருவார், உதவிபெறும் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு தமிழ்வழியில் படித்த ஏழைப் பிள்ளை வர முடியாது. பள்ளியின் சொந்தக்காரர் யார் என்று கேட்கும் விதிகள் இவை. பாடம் எந்த மொழியில் நடந்தது என்று கேட்பதில்லை.

புதிதாக ஒரு தமிழ்வழிப் பள்ளி தொடங்கி இப்படி மானியம் வாங்க முடியுமா? முடியாது. அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகளுக்கான 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் பின்னர் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. 1991-92 கல்வியாண்டு தொடங்கிய பிறகு திறக்கப்பட்ட தனியார் பள்ளிக்கோ புதிய வகுப்புக்கோ மானியம் கிடையாது என்பது அதன் சாரம். மெட்ரிக் பள்ளிகள் புற்றீசல்போலப் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. கேட்பவர்களுக்கெல்லாம் அரசு சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. கட்டணம் வாங்கிப் பிழைத்துக்கொள்ளும் மெட்ரிக் பள்ளிக்கு அந்தக் கதவு மூடியதால் ஒரு நட்டமும் இல்லை.

நட்டம் வேறொருவருக்கு. 1993இல் அம்பத்தூரில் தமிழ்த் தேசியச் செயற்பாட்டாளர் தியாகுவும் அவர் தோழர்களும் முதல் தாய்த்தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். பிறகு திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி, இன்னும் மேற்கு மாவட்டங்களில் சிலர். எல்லாப் பாடமும் தமிழில், சாதிப் பெயர் இல்லாமல், அடி இல்லாமல் நடந்த பள்ளிகள். வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்க மனமில்லாமல் நன்கொடையில் ஓடியவை. சட்டத்தின் கண்ணில் அவையும் ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்து விடும் பள்ளிகளும் ஒரே இனம்: 1991-92க்குப் பிந்திய தனியார் பள்ளி. அதே 1993இல் அயர்லாந்துக் குடியரசில் ஐரிஷ்வழிப் பள்ளிகளை நடத்துவதற்கென்றே ஒரு பொது அமைப்பு, ஃபோரஸ் பாட்ரூனாக்டா, உருவானது. அதன்கீழ் வந்த பள்ளிகள் அரசு அங்கீகாரம் பெற்றதும் ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து வந்தது. ஆங்கிலவழித் தொடக்கப் பள்ளிக்குக் கிடைப்பது ஐரிஷ்வழிக்கும் கிடைக்க வேண்டும் என்பது அங்கே வாதத்தின் தொடக்கப் புள்ளி. நாம் அந்தப் புள்ளிக்கே இன்னும் வரவில்லை.

மூடிய கருவூலக் கதவு இன்னொரு பக்கம் திறந்ததைப் பார்க்க முடிச்சூர் சாலைக்குப் போனேன். 2015 வெள்ளத்தில் படகு ஓடிய சாலை. இப்போது இருபுறமும் அடுக்ககங்கள். ஒரு பிரவுசிங் சென்டரின் கண்ணாடியில் 'ஆர்டிஇ அப்ளிகேஷன் போடப்படும்' என்று ஒட்டியிருந்தது. உள்ளே பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருவர்.

"ஓப்பன் ஆயிடுச்சாண்ணா?"

"இல்லக்கா. டெய்லி பாத்துட்டுத்தான் இருக்கேன். வந்தா நானே போன் பண்றேன்."

வழக்கமாக ஏப்ரலில் திறக்கும் இணையதளம் அது. ஆர்டிஇ எனப்படும் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும், செலவை அரசு திருப்பித் தரும். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி, நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள், விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல். 2025இல் இணையதளம் திறக்காததற்குக் காரணம் டெல்லி. மும்மொழியை வலியுறுத்தும் தேசியக் கல்விக் கொள்கையோடு பிணைந்த பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்திருந்தது. கல்வி உரிமைச் சட்டத்துக்கான பங்கை அதோடு முடிச்சுப் போடக் கூடாது என்று அந்த ஜூனிலேயே சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சேர்க்கை நடந்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. மும்மொழியா இருமொழியா என்ற சண்டையில் சிக்கிக்கொண்டவர்கள், ஆங்கிலவழி சீட்டுக்குக் காத்திருந்த தமிழ்ப் பிள்ளைகள்.

அடுக்ககத்தில் வீட்டு வேலை செய்யும் அந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். பக்கத்திலேயே அரசுப் பள்ளி இருக்கிறதே என்றேன். "இருக்குதுண்ணா. நல்லாத்தான் சொல்லிக் குடுக்கிறாங்க. ஆனா நான் வேலை செய்யற வீட்டுல புள்ளைங்க இங்கிலீஷ்ல பேசுதுங்க. நாளைக்கு எம் பொண்ணு என்னையக் கேக்கக் கூடாதில்ல" என்றார். அவர் கணக்கில் தப்பில்லை. அரசே பணம் கட்டி அந்தப் பள்ளிக்கு அனுப்புகிறது என்றால், அந்தப் பள்ளிதான் உசத்தி என்று அரசே சொல்கிறது என்றுதானே பொருள்?

திருப்பித் தரும் தொகையின் சூத்திரத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு அரசு தன் பள்ளியில் செலவழிக்கும் தொகை, அல்லது அந்தத் தனியார் பள்ளி வாங்கும் கட்டணம், இதில் எது குறைவோ அது. கட்டணம் அதிகம் வாங்கும் பள்ளிக்கு உச்சவரம்பு வரை கிடைக்கும். ஏழைகளுக்காகப் பேருக்கு மூவாயிரம் வாங்கும் ஒரு தமிழ்வழிப் பள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மூவாயிரம்தான். அதன் பிள்ளைகள் அத்தனை பேருமே நலிந்த பிரிவினர் என்றாலும் நான்கில் ஒருவருக்குத்தான். கட்டணத்தின் பின்னால் போகிற பணம், கட்டணம் வாங்காதவனை எப்படி எட்டும்? தனியாருக்கு மானியம் இல்லை என்று 1991-92இல் கோடு கிழித்த அரசு, பின்னர் இந்த வழியில் தனியாருக்குப் பணம் தரத் தொடங்கியது. அது பெரும்பாலும் ஆங்கிலவழிக்குப் போய்ச் சேர்ந்தது. தமிழுக்கு எதிரான சதி எதுவும் இதில் இல்லை. இரண்டு சட்டங்களும் மொழியைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பதுதான் சங்கதி.

சட்டம் போட்டுத் தமிழ்வழியைக் கட்டாயமாக்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முயன்று பார்த்தாகிவிட்டது. 1999இல் தமிழறிஞர்கள் சென்னையில் உண்ணாநோன்பு இருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழியைப் பயிற்றுமொழியாக்கும் அரசாணை வந்தது. 2000 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை ரத்து செய்தது. 2014 மே மாதம் கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இந்த வாசலை நிரந்தரமாகச் சாத்தியது: பயிற்றுமொழியைத் தேர்வது பெற்றோர் உரிமை, அரசு திணிக்க முடியாது. தமிழை ஒரு பாடமாகக் கட்டாயமாக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் நிற்கிறது. கட்டளையிட முடியாது என்றான பிறகு அரசின் கையில் மிஞ்சியிருப்பது பணம் ஒன்றுதான். அயர்லாந்திலும் யாரும் யாரையும் ஐரிஷ்வழிக்கு இழுத்துக்கொண்டு போகவில்லை. அங்கே பள்ளி கிடைத்தது, ஆசிரியருக்குச் சம்பளம் கிடைத்தது, பெற்றோர் வந்தார்கள்.

கிழக்கே திரும்பினேன். தாம்பரம் - வேளச்சேரி சாலையில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், கௌரிவாக்கம், மேடவாக்கம். இங்கே ஏரிகள் எவை, அடுக்ககங்கள் எவை என்று பிரித்துச் சொல்லப் பழைய ஆள் ஒருவர் பக்கத்தில் வேண்டும். மேடவாக்கம் தாண்டிய ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். பிஸ்வாஸ், நாயக், குமாரி. கட்டட வேலைக்கு வந்த ஒடியா, வங்காளி, பீகார்க் குடும்பங்களின் பிள்ளைகள், தமிழ்வழியில். ஒரு சிறுமி எழுந்து தமிழ்ப் பாடம் வாசித்தாள். ழகரம் சுத்தமாக இருந்தது. "இவங்கப்பாவுக்குத் தமிழ் தெரியாது சார். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் இவதான் கூடப் போறா" என்றார் ஆசிரியர். உள்ளூர்க்காரர் விட்டுப்போன பெஞ்சில் வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தயவில் அந்தப் பள்ளியின் பணியிடங்கள் தப்பிக்கின்றன.

கடைசி நிறுத்தம் பெரும்பாக்கம். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காகக் கட்டிய எட்டு மாடிக் குடியிருப்புகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நகரத்தில் நடந்துபோன பள்ளியை இழந்த பிள்ளைகள் இங்குள்ள அரசுப் பள்ளிகளை நிரப்புகிறார்கள். இதே பெரும்பாக்கத்தில்தான் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இருக்கிறது. 24 கோடி ரூபாயில் ஒன்றிய அரசு கட்டிய வளாகம், 2022 ஜனவரி 12இல் பிரதமர் காணொலியில் திறந்துவைத்தார். சங்க இலக்கியச் செம்பதிப்புகளும் மொழிபெயர்ப்புகளும் அங்கே நடக்கின்றன. வேண்டிய வேலைதான். அந்தப் பதிப்புகளை முப்பது ஆண்டு கழித்துத் தமிழிலேயே படித்து, தமிழிலேயே மறுத்து எழுத ஆள் வேண்டும் என்றால், அந்த ஆள் இப்போது பக்கத்துக் குடியிருப்பில் ஒன்றாம் வகுப்பில் இருக்க வேண்டும். செம்மொழிக்கு இரண்டு அரசுகளும் போட்டிபோட்டுப் பணம் ஒதுக்குகின்றன. ஒன்றாம் வகுப்பின் தமிழ்வழிக்கு ஒதுக்க இரண்டிலும் தலைப்பே கிடையாது.

அப்படி ஒரு தலைப்பு இருந்தால் அதன்கீழ் மூன்று செலவுகள் வரும். இரண்டு பயிற்றுமொழி நடத்தும் தொடக்கப் பள்ளியில் ஒவ்வொரு மொழிக்கும் தனி ஆசிரியர்: இது ஆங்கிலவழிப் பிள்ளைக்கும் நல்லது. கட்டணம் வாங்காத, முழுத் தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டும் 1991-92 என்ற கோட்டைத் தளர்த்துவது: போலி வருகைப் பதிவும் ஆசிரியர் நியமனத்தில் கைமாறும் பணமும் உதவிபெறும் பள்ளிகளின் பழைய நோய்கள் என்று அதிகாரிகள் பயப்படுவார்கள். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஒவ்வொரு பிள்ளையின் வருகையும் தினமும் ஏறும் காலத்தில் அதற்கு மருந்து இல்லாமல் இல்லை. மூன்றாவது, ஆறாம் வகுப்பில் தொடங்கும் கணக்கை ஒன்றாம் வகுப்புக்குக் கொண்டுவருவது: தமிழ்வழியில் சேரும் பிள்ளைக்குச் சேரும் நாளிலிருந்தே, வைப்புத்தொகையாகவோ நல்ல ஆங்கிலப் பாட ஆசிரியராகவோ, கண்ணுக்குத் தெரியும் ஒரு பலன். இரண்டில் எதைத் தரலாம் என்று முடிச்சூர் அம்மாவைக் கேட்டால் ஆங்கில ஆசிரியரைத்தான் கேட்பார். அவருக்குத் தமிழ்மீது கோபம் ஏதும் இல்லை. மகள் ஆங்கிலம் பேச வேண்டும், அவ்வளவுதான். தமிழ்வழியில் படித்துக்கொண்டே ஆங்கிலத்தைத் திருத்தமாகக் கற்றுத்தர முடியும் என்று அரசுப் பள்ளி நிரூபித்தால், அவருக்குக் குலுக்கல் தேவைப்படாது. அதை நிரூபிக்க ஆகும் செலவுதான் தமிழ்வழிக்கான உண்மையான நிதி. அந்தச் செலவை ஒன்றாம் வகுப்பில் செய்யாமல், இருபது ஆண்டு கழித்து 20 சதவீதமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.